படகு இழுக்கிற வண்டி

அன்புள்ள என்னவருக்கு,

நான், மகள், என் தம்பி மூன்று பேரும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே இருக்கிற டாக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். சலுகை கேட்கிறான் என்று நினைப்பார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அங்கே யாராவது பிரித்துப் படிப்பார்களாம், தம்பி சொன்னான். படிக்கட்டும். வண்டி வாங்கின கதையில் ஒளிக்க என்ன இருக்கிறது.

ஆமாம், வாங்கிவிட்டேன். பழைய டீசல் பிக்கப். நம் வண்டி இன்னும் காவல் நிலையத்துப் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடக்கிறது. திருப்பிக் கொடுத்தாலும் அதை நான் வாசலில் நிறுத்தமாட்டேன். படகைப் பழுதுபார்க்க நம் பட்டறைக்கு இழுத்துவர ஒவ்வொரு தடவையும் அடுத்தவர் டிராக்டருக்குக் காத்திருந்ததில், படகுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாலத்தடிப் பட்டறைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கும் கடைக்கும் போக ஒரு சின்ன பெட்ரோல் வண்டி போதுமே என்றான் தம்பி. படகு என்ன, தோளில் ஏறியா வரும் என்று கேட்டேன்.

முதலில் பார்த்தது ஒரு பல் டாக்டருடைய வண்டி. வெள்ளை நிறம். ஏறி உட்கார்ந்தால் இறங்க மனசு வராது. தம்பி போனதும் போகாததுமாகப் பானட்டில் கையை வைத்தான். சுட்டது. இப்போதுதான் கடைக்குப் போய்வந்தேன் என்றார் டாக்டர். மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றோம். குளிர்ந்த இன்ஜின் இருமி இருமித்தான் கிளம்பியது. வெள்ளைப் புகை வந்தது, அடங்கவே இல்லை. அப்போதும் எனக்கு ஆசை விடவில்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன்.

தம்பி சாக்கை விரித்துக் கீழே படுத்தவன், என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னான். டிரெய்லர் மாட்டுகிற கொக்கி சேஸிஸோடு சேரும் இடத்தில் ஒரு விரிசலை வெல்டிங் வைத்து மூடி, மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தது. காயம் ஆறின தழும்பு மாதிரி புடைத்திருந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, நான் எவ்வளவோ இழுத்திருக்கேன்" என்றார்.

நான் அவர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

கொக்கியைப் பூட்டுகிற ஊசி ஆடுகிறது, மாற்றிவிட்டுப் போங்கள் என்று விபத்து நடந்த அன்று காலையில் நான் சொன்னேன். டீயைக் குடித்துக்கொண்டே நீங்களும் இந்த டாக்டர் சொன்னதையேதான் சொன்னீர்கள். ஒண்ணும் ஆகாது, ஒரு நடைதானே என்று. கோர்ட்டில் நீங்களே ஒப்புக்கொண்டதுதான். ஆனால் நம் இருவருக்குள் அந்தப் பேச்சு இதுவரை வரவில்லை. பார்க்க வரும்போதெல்லாம் நீங்கள் பட்டறையைக் கேட்பீர்கள், நான் மகள் படிப்பைச் சொல்வேன், நேரம் முடிந்துவிடும். திட்டுவதற்காக எழுதவில்லை. மனசில் வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

கடைசியில் வாங்கியது ஒரு காய்கறி வியாபாரியிடம். பார்க்கச் சகிக்காது. ஒரு பக்கக் கதவு ஒடுங்கியிருக்கிறது. உள்ளே எப்போதும் வெங்காய வாசனை. ஆனால் மனிதர் நாங்கள் கேட்பதற்கு முன்பே, "ஏசி வேலை செய்யாதும்மா, கிளட்ச் ரொம்ப நாள் தாங்காது, மழை பெஞ்சா கதவோரம் ஒழுகும்" என்று எல்லாக் குறையையும் கொட்டிவிட்டார். குளிர்ந்த இன்ஜின் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அடிப்பக்கம் யாரும் கைவைத்த அடையாளம் இல்லை. பாரம் ஏற்றின டிரெய்லரை மாட்டி மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் தம்பி தலையாட்டினான். கிளட்ச் மாற்றி, புதுக் கொக்கி போட்டு, அது கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாதபடி இரண்டு பக்கமும் சங்கிலி கட்டிக் கொடுத்திருக்கிறான்.

ஓட்டுவது நான்தான். பின்னால் எடுப்பதுதான் உயிரை வாங்குகிறது. நான் ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் போகிறது. முதல் நாள் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் நிறுத்தியிருப்பேன், தம்பி கத்தியதால் பிழைத்தார்கள். மகள் பள்ளிக்கு இதில்தான் வருகிறாள். ஆனால் டிரெய்லர் மாட்டியிருந்தால் ஏறமாட்டாள். நடந்தே போய்விடுகிறாள். நான் வற்புறுத்துவதில்லை.

இனிமேல்தான் சொல்லவேண்டியது இருக்கிறது. நம் டிரெய்லர் கழன்று மோதித் தையல்கடைக்காரர் போனதிலிருந்து அந்த மிஷினில் அவர் மனைவிதான் உட்கார்ந்து தைக்கிறார். அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து இத்தனை நாளும் சந்தைக்குப் பின்னால் சந்து வழியாகச் சுற்றித்தான் போய்வந்தேன். படகை இழுத்துக்கொண்டு சந்துக்குள் போக முடியுமா? படகுத்துறையிலிருந்து பட்டறைக்கு இருப்பது அந்த ஒரு சாலை.

ஐஸ் கம்பெனிக்காரர் படகை ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்தேன். கழுத்தில் அளவு நாடாவோடு அந்த அம்மா சாலையில் இறங்கி நின்றார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினேன். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே பின்பக்கம் போனார். குனிந்து கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். சங்கிலியைப் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார்.

"இது கழண்டா சங்கிலி தாங்குமா?" என்று கேட்டார்.

"தாங்கும்க்கா" என்றேன்.

"அன்னிக்கு இது இல்லையா?"

இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல? கையில் பிடித்திருந்த சங்கிலியைச் சத்தம் வராமல் கீழே விட்டுவிட்டு, கடைக்குள் போய்விட்டார். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார், என்னால் சாவியைத் திருப்ப முடியவில்லை.

இப்போது படகு இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அங்கே நிறுத்துகிறேன். சில நாள் வந்து பார்க்கிறார். சில நாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டுத் தைக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நீங்கள் வந்ததும் இந்த வண்டியை நீங்கள்தான் ஓட்டுவீர்கள். உங்கள் தொழில், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கடை முன்னால் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நில்லுங்கள். காலில் விழவேண்டாம், அழவேண்டாம், எதையும் விளக்கவேண்டாம். அவர் வந்து ஆட்டிப் பார்க்கட்டும். எவ்வளவு நேரமானாலும் பார்க்கட்டும். முதல் நாள் நானும் கூட இறங்கி நிற்கிறேன்.

அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி