மூன்றாவது கட்டம்

மார்ச் 4
மழை விட்டதும் ஏழாம் எண் கூட்டுக்குப் போனேன். காலில் பச்சை வளையம் மாட்டிய பெண் குருவி, பச்சை வளையக்காரி, அங்கே இருக்கிறாள். போன வாரம் அவள் கூட்டைக் காகம் கலைத்தது, நான்கு முட்டையும் போச்சு. இன்று தன் தம்பியின் கூட்டில், அவன் குஞ்சுகளுக்குப் புழு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். பதிவுத் தாளில் தாய், தந்தை என்ற கட்டங்களுக்கு அடுத்த மூன்றாவது கட்டத்தில் 'உதவி' என்று எழுதினேன்.

எங்கள் ஆய்வை நடத்தும் பேராசிரியருக்குக் கணக்கு நாக்கு நுனியில். "சொந்தக் குஞ்சுல பாதி நம்ம ரத்தம், தம்பி குஞ்சுல கால். ஒண்ணுமே இல்லாததுக்குக் கால் தேவலை. இதுல தியாகம் எங்க வந்தது?"

என் கால் பங்குக்கு ஆறு வயது, பெயர் வாலு. என் குழந்தை தங்கவில்லை, அதற்குப்பின் கணவரும் தங்கவில்லை. தம்பி வீட்டுக்கு நான் வந்த மாதம்தான் இவள் பிறந்தாள்.

மார்ச் 11
தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறதாம், மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். என் பதினோரு வருட வேலையை விட மனம் வரவில்லை. ஆனாலும் விலகல் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். வாலு இல்லாமல் எனக்கு இங்கே என்ன வேலை?

மார்ச் 12
வாலுவுக்கு இருமல். அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

மார்ச் 15
புதுப் பள்ளியின் படிவத்தை நிரப்பச் சொல்லித் தம்பி கொடுத்தான், அவன் கையெழுத்து கோழிக் கிறுக்கல். தாய், தந்தை எழுதினேன். மூன்றாவது கட்டம், குழந்தையை அழைத்துப்போக வருபவர். என் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் 'உதவி' என்று போட்டுவிட்டேன். பார்த்துவிட்டு நானே சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை.

"அக்கா, அந்தக் கட்டத்தை விட்டுடு."

"ஏன்டா?"

"அங்க வீடு சின்னது. நீ இங்கயே இருக்கறதுதான்… உனக்கும் வேலை இருக்குல்ல."

அடித்துவிட்டேன், என் பெயரை. கோடு நேராகத்தான் விழுந்தது.

மார்ச் 16
கடிதத்தைக் கிழித்தேன்.

மார்ச் 18
வீடு சின்னதாம். யார்கிட்ட கதை விடறான்? நான் என்ன பீரோவா, இடத்தை அடைக்க? ஆறு வருஷம் தோள்ல போட்டு வளர்த்தேனே —

மாலையில் தம்பி மனைவி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "நான்தான் சொன்னேன் அண்ணி, அவரைத் திட்டாதீங்க. தூக்கத்துல அவ 'அத்தை'ன்னுதான் கூப்பிடறா. ஆறு வருஷமா கேட்டுட்டே படுத்திருக்கேன்."

வைவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தேன். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 24
வாலு மருந்தைத் துப்பினால் என்ன செய்வது, எந்தப் பக்கம் படுத்தால் இருமல் அடங்கும், எல்லாம் தம்பி மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மார்ச் 29
போய்விட்டார்கள்.

ஏப்ரல் 2
ஏழாம் எண் குஞ்சுகள் பறந்துவிட்டன. பச்சை வளையக்காரி அவற்றோடு ஒரே கிளையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் விரட்டவில்லை. ஒரு குருவியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன், வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 20
வாலுவிடம் பேசப் போன் செய்தேன். தம்பி மனைவிதான் எடுத்தாள். "கீழ விளையாடறா அண்ணி, கூப்பிட்டா வரமாட்டேங்கறா."

"விடு, விளையாடட்டும்."

முதல் வாரம் ரொம்பத் தேடினாளாம், இப்போது இல்லையாம். நான் கேட்காமலே சொன்னாள். நல்லது என்றேன். நல்லதுதானே?

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் கேட்க யாருமில்லை என்பது பிறகுதான் உறைத்தது. குழாயை மூடினேன்.