மலைக்கு அந்தப் பக்கத்துச் சில்லு

பெல் கிரீக், நெவாடா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

மயாலென் எழுதுகிறேன். முதுகுவலி தேவலையா? நீங்கள் அனுப்பிய புகையூட்டிய சால்மன் கெடாமல் வந்து சேர்ந்தது. பாதியைப் பாதிரியார் கீனனுக்குக் கொடுத்தேன். அலாஸ்காவில் இவ்வளவு நல்ல மீனைப் பிடிப்பவர்கள் ஏன் ஒரு கடிதத்தை இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவைத்தேன். கம்பளிக் காலுறைகளைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். மீன் ஆலைக்குப் போட்டுக்கொண்டு போங்கள், பெட்டியில் பத்திரப்படுத்தாதீர்கள்.

இங்கே என் உடம்பு நலம். பெயர்தான் அவ்வளவு நலமாக இல்லை. யாராவது உங்களிடம் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காணிக்கைத் தட்டில் காசுக்குப் பதிலாக விழும் சூதாட்டச் சில்லுகளைப் பாதிரியார் ஒரு பையில் கட்டிக்கொண்டு விடுதி விடுதியாகப் போய்ப் பணமாக்கி வருவாரே, அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. ப்ளூ லான்டர்ன் விடுதி எரிந்துபோன காலத்தில் தட்டில் விழுந்தவற்றை மாற்ற இடமே இல்லாமல் போயிற்று. அப்போதிருந்த பாதிரியார் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பாவமன்னிப்புக் கூண்டின் தரைப்பலகைக்கு அடியில் வைத்து மறந்துவிட்டார். இந்த வசந்தத்தில் பலகை மாற்றும்போது டப்பா வெளியே வந்தது. உள்ளே பத்தொன்பது சில்லுகள்.

அவற்றை விற்றால் தேவாலயத்துக்குப் புது ஹீட்டர் வாங்கலாம் என்று பாதிரியார் என்னிடம் வந்தார். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவளிடம் ஏன் என்று கேட்டேன். "உன் வீட்டுல அரிசியைவிடச் சில்லு அதிகமா இருந்த காலம் எனக்குத் தெரியும்மா" என்றார். போலிச் சில்லு வழக்கில் உங்களுக்குத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து நான் ஒரு சில்லைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் அந்த டப்பாவைத் திறந்ததும் விரல்களுக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. விளிம்பைத் தடவினேன். படம் அச்சடித்து நடுவில் ஒட்டியிருக்கும் நடுத்தாளை நகத்தால் வருடினேன். அசல், அப்பா. ஒவ்வொன்றும் அசல்.

பழைய போக்கர் சில்லு சேர்ப்பவர்களுக்கு ப்ளூ லான்டர்ன் என்றால் பைத்தியம். எரிந்த விடுதியிலிருந்து தப்பியவை இரண்டே இரண்டு என்றும், இரண்டும் ரீனோவில் ஆர்வில் ஸ்ட்ரவுட்டிடம் இருக்கின்றன என்றும் அவர்களுடைய கையேட்டில் போட்டிருக்கிறது. கையேட்டை எழுதியவரும் ஸ்ட்ரவுட்தான். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். சேகரிப்போர் சங்கத்தில் எது அசல், எது போலி என்று முடிவு செய்யும் குழுவுக்குத் தலைவர். போலி என்று முடிவானால் நடுவில் துளை போட்டுத் திருப்பித் தருவார்கள். அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சில்லைப் பார்க்கவே வாங்குகிறார்கள். ஒன்றைக் கொண்டுபோய் நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு என்ன பயம்?

ஸ்ட்ரவுட் அதைப் புற ஊதா விளக்கில் காட்டினார். நடுத்தாள் பளபளவென்று மின்னியது. பழைய தாள் அப்படி மின்னாது என்பது எனக்கும் தெரியும். காரணமும் உடனே புரிந்தது. பாதிரியார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் திருமதி ஓட்ஸ், அழுக்காகக் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று அத்தனையையும் சோப்புத்தூளில் ஊறவைத்துத் தேய்த்திருக்கிறார். சோப்புத்தூள் எதில் பட்டாலும் அந்த விளக்கில் ஒளிரும். அதைச் சொன்னேன். "ஓகோ, தேவாலயத்துச் சோப்பா? அப்போ பாவமும் போயிருக்கும்" என்றார் ஸ்ட்ரவுட். குழுவிலிருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள்.

பிறகு, வித்தியாசத்தைப் பார் என்று தன்னுடைய சில்லு ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரு விளக்கு, அதன் பின்னால் டோரன் மலை. பாதிரியாரின் சில்லில் மலையின் செங்குத்துச் சரிவு இடப்பக்கம் இருக்கிறது. அவருடையதில் வலப்பக்கம். அதோடு, மலையடிவாரத்தில் லேசாகச் சாய்ந்த ஒரு கம்பம். "இதுதான் கொடிக்கம்பம். இது இருந்தா அசல், இல்லேன்னா போலி. உனக்கு அச்சடிச்சுக் குடுத்தவன் மலையையும் திருப்பிப் போட்டுட்டான், கம்பத்தையும் மறந்துட்டான்" என்றார். ப்ளூ லான்டர்ன் முதலாளி பழைய ராணுவக்காரர், தினமும் காலையில் கொடியேற்றுவார் என்று அந்தக் கம்பத்தைப் பற்றிக் கையேட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

நான் அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு லாரி பின்னால் வந்து இடித்ததில் வளைந்துபோன, அம்மா துணி காயப்போடும் கம்பம். நம் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மலைக்கு முன்னால் அப்படித்தான் நிற்கும். ப்ளூ லான்டர்ன் இருந்தது மலைக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலை ஓரத்தில். அங்கிருந்து பார்த்தால் செங்குத்து இடப்பக்கம். நம் வீட்டிலிருந்து பார்ப்பவனுக்குத்தான் அது வலப்பக்கம். எனக்கு அப்போது ஒன்பது வயது. மேஜையில் நீங்கள் வரைந்துகொண்டிருந்தீர்கள். சூதாட்ட விடுதியில் துணிக் கம்பம் எதற்கு என்று கேட்டேன். "அது இல்லாம அந்த மலையைப் பார்க்க எனக்கு வரமாட்டேங்குதுடா" என்றீர்கள்.

ஸ்ட்ரவுட்டின் சில்லு ஊதா விளக்கில் ஏன் மின்னவில்லை என்பதும் எனக்குத் தெரியும். என் சிறுவயதுப் புத்தகங்கள் எல்லாம் பழைய கடையில் எடை போட்டு வாங்கியவை. ஒன்றில்கூடக் கடைசி வெற்றுத்தாள் கிடையாது. அந்தப் பழைய தாள்கள் எல்லாம் நீங்கள் அச்சடிக்கப் போய்விட்டிருந்தன. கதை முடிந்ததும் அட்டை வந்துவிடும். எல்லாப் புத்தகமும் அப்படித்தான் முடியும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் விண்ணப்பத்தில் என் குடும்பப் பெயரைப் படித்துவிட்டார். பேயோ இரிபார்னேக்கு நீ என்ன வேண்டும் என்று கேட்டார். மகள் என்றேன். "அதானே பார்த்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன் பொண்ணு, உங்கப்பன் உன்னைவிட நல்லாச் செய்வான்" என்றார். தன்னுடைய பழைய பல் துளைக்கும் கருவியை எடுத்துப் பாதிரியாரின் சில்லில் துளை போட்டார். அறை முழுக்கப் பல் ஆஸ்பத்திரி வாடை.

நெருப்புக்குத் தப்பிய ஒரு அசலை, உங்கள் கையால் செய்த போலியை அளவுகோலாக வைத்து என் கண்ணெதிரே துளைத்துவிட்டார்கள். போலிக்காரன் மகள் போலிக்காரி என்று சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதாத குறை. மிச்சம் பதினெட்டையும் இனி எங்கும் விற்கக் கொண்டுபோகாமல், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் விஷயத்தை இத்தோடு விட்டுவிடுவார்களாம். எழுதிக் கொடுக்கமாட்டேன்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை ரீனோவில் சங்கத்தின் பொதுக்கூட்டம். பதினெட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். ஸ்ட்ரவுட்டின் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைச் செய்தவர் என் அப்பா என்று எல்லார் முன்னிலும் சொல்லப்போகிறேன். செய்ததை எல்லாம் சொல்லிவிட்டதாக நீதிபதியிடம் சொன்னீர்கள். இந்த இரண்டை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு உங்களைச் சிறையிலிருந்து விடாததைப் பற்றியும், வெளியே வந்தபின் நீங்கள் இந்தப் பக்கமே திரும்பாததைப் பற்றியும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. இதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தடுக்க நினைத்தால் நூலகத்துக்கு போன் செய்யுங்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன். அப்புறம் போய்ச் சொல்லத்தான் செய்வேன்.

குளிரில் வெறுங்கையோடு வேலை செய்யாதீர்கள்.

உங்கள் மகள்,
மயாலென்


பெல் கிரீக்
திங்கட்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போன் செய்ததை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நூலகத்தில் கூட்டமாக இருந்ததால் என்னாலும் பேச முடியவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்பீர்கள், அல்லது வேண்டாம் என்பீர்கள் என்று நினைத்தேன். "மயா, இஸ்திரிப் பெட்டி ரொம்பச் சூடு வேண்டாம். சில்லுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஈரக் கைக்குட்டை வை. முப்பது எண்ணு. தாள் கிழியாம முழுசா வந்துடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அன்று மாலைவரை ஒரு புத்தகத்தைக்கூடச் சரியான தட்டில் வைக்கவில்லை நான்.

ஆகவே ரீனோவுக்கு அம்மாவின் இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். பாதிரியாரும் திருமதி ஓட்ஸும் கூட வந்தார்கள். திருமதி ஓட்ஸ் சோப்புத்தூள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே காரில் வந்தார். கூட்டத்தில் அவர்தான் முதலில் எழுந்தார். ஸ்ட்ரவுட்டின் சட்டைக் கைமேல் ஊதா விளக்கைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தார்கள். கை முழுக்க மின்னியது. "அப்போ டாக்டரும் போலிதானா?" என்று கேட்டார். மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

பிறகு நான் மேடையேறினேன். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்குத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் விடுதி இருந்த இடத்தில் நின்று எடுத்த படத்தையும், நம் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தையும் மேஜைமேல் வைத்தேன். கம்பத்தைக் காட்டினேன். உங்கள் பெயரை முழுதாகச் சொன்னேன்.   உங்கள் பெயரை அங்கே சொன்னதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அந்தப் பெயரைத்தானே நானும் சுமக்கிறேன்.

"படம் யார் வேணா எடுக்கலாம்மா. மலையை ஓவியன் இஷ்டத்துக்கு வரைவான்" என்றார் ஸ்ட்ரவுட். சரி என்று இஸ்திரிப் பெட்டியை அவர்முன் வைத்தேன். அவருடைய சில்லின் நடுத்தாளைச் சூடுகாட்டி எடுத்துப் பார்க்கலாம், அடியில் வேறு விடுதியின் பழைய தாள் ஒட்டியிருந்த தடம் இருக்கும், இல்லையென்றால் பதினெட்டையும் இங்கேயே துளைத்துவிடுங்கள், மேஜையை நானே பிடித்துக்கொள்கிறேன் என்றேன். பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். ஹீட்டரை நினைத்திருப்பார்.

பின்வரிசையிலிருந்து ஒரு வயதானவர், "பயமில்லேன்னா எடுத்துக் காட்டேன் ஆர்வில், அரை நிமிஷ வேலைதானே!" என்று கத்தினார். இன்னொருவர், "இருபது வருஷமா அதைக் காட்டித்தானே எங்க சில்லையெல்லாம் துளைச்சே?" என்றார். பெட்டி சூடேறி மேஜைத்துணி வாடை வரத் தொடங்கியது. ஸ்ட்ரவுட் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் சில்லைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். 

குழு கூடிப் பேசி, ப்ளூ லான்டர்ன் சில்லுகள் அனைத்தும், அவருடையவை உட்பட, சந்தேகத்துக்குரியவை என்று எழுதிவைத்துவிட்டது. அசல் என்று எழுத இன்னும் மனம் வரவில்லை அவர்களுக்கு. பரவாயில்லை, அடுத்த வருடமும் கூட்டம் நடக்கும், இஸ்திரிப் பெட்டியும் இருக்கும். பதினெட்டையும் துளையில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். துளை போட்டதைத் திருமதி ஓட்ஸ் நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு பூசைக்கு வருகிறார்.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. காரில் ஏறும்போது ஸ்ட்ரவுட் தனியாக வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அது நிஜமாவே துணி காயப்போடுற கம்பமா?" என்று கேட்டார். ஆமாம், என் அம்மாவுடையது என்றேன். கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நல்லா வரைஞ்சிருக்கான் உங்கப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் அவர் சொன்னது உண்மை.

இனி ஒளிக்க எதுவும் மிச்சமில்லை, அப்பா. இங்கே எல்லாருக்கும் தெரியும். இன்று காலையில் நூலகத்துக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், நானும் அவர்களைப் பார்த்தேன், புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். உலகம் அவ்வளவுதான் செய்யும்.

கம்பத்தை நிமிர்த்தித் தரட்டுமா என்று ஓர் ஆள் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். அலமாரியில் உங்கள் சட்டைகள் இத்தனை வருடமாக மடித்தபடி கிடந்தன. நேற்று எல்லாவற்றையும் தோய்த்து, அந்தக் கம்பத்துக் கம்பியில் போட்டிருக்கிறேன். இங்கத்துக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். நான் எடுக்கப்போவதில்லை. வந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடவுள் உங்கள் கைகளைக் காப்பாராக.

உங்கள் மகள்,
மயாலென் இரிபார்னே