நூற்றுப் பன்னிரண்டு அடி

ஏப்ரல் 6
பட்டறையில் கிடந்த பழைய டயரைக் கொண்டுவந்து, கொல்லை மேப்பிள் மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். மட்டையால் ஓங்கி ஓங்கி அடித்தால்தான் கைக்கு வலு ஏறும். கோரினுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊர் பேஸ்பால் அணியில் இதுவரை பெண்பிள்ளை யாரும் ஆடியதில்லை. தேர்வு மே 3. தினமும் நூறு அடி என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 14
வேலை முடிந்து வந்ததும் இன்று எத்தனை அடி என்று கேட்டேன். நூற்றுப் பன்னிரண்டாம்! என் பெண்ணாச்சே.

ஏப்ரல் 22
இடது உள்ளங்கை வலிக்கிறது என்றாள். பிளாஸ்திரி ஒட்டிக்கொள், பழகிவிடும் என்றேன். கையை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "அது பந்து இல்ல, வெஸ். டயரு. அடிச்சா திருப்பி அடிக்குது" என்றாள் மார்வா. பெண்டாட்டி சொல்லி நான் என்றைக்குக் கேட்டேன்?

மே 3
மூன்றாவது பந்தில் மட்டை கைநழுவி விழுந்தது. வேலியோரம் யாரோ சிரித்தார்கள். வண்டியில் வரும்போது, "என் மானத்தை வாங்கிட்டியே" என்றேன். அவள் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்து வந்தாள்.

மே 5
உள்ளங்கையில் சின்ன எலும்பு முறிந்திருக்கிறது. ஆறு வாரம் கட்டு. எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "சைக்கிள்லேருந்து விழுந்துட்டேன்" என்றாள். நானும் — சும்மா இருந்துவிட்டேன். பச்சப்புள்ள எனக்காகப் பொய் சொல்லுது, நான் தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். நீயெல்லாம் ஒரு அப்பனா?

மே 11
டயரை நானே அடித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டோடு நிறுத்தினேன். சாப்பிடும்போது முள்கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. மார்வா பார்த்தாள்.

மே 12
டயரைக் கழற்றிவிட்டேன்.

ஜூன் 16
கட்டுப் பிரித்தார்கள். இனி சைக்கிளில் பார்த்துப் போம்மா என்றார் டாக்டர்.

"சைக்கிள் இல்ல டாக்டர். நான்தான். டயரைக் கட்டி அடிக்கச் சொன்னேன். வலிக்குதுன்னு சொன்னா, நான் கேக்கல."

கோரின் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வரும் வழியில் அவளாகவே பேசினாள். "அப்பா, அன்னிக்கு நூத்திப் பன்னெண்டு இல்ல. நாப்பதுதான். வலிச்சுது. நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு கூட்டிச் சொன்னேன்."

ஆகஸ்டு வரை மட்டையைத் தொடக் கூடாது. அதற்கப்புறம் டயருக்குப் பதிலாக அடிக்கவாம் — பழைய காலுறையில் துணியை அடைத்து, வாயைத் தைத்துத் தரச் சொல்லி நீட்டினாள். தைத்துக் கொடுத்தேன்.

இப்போது ஏப்ரல் 14-க்குப் புரட்டி, அந்த எண்ணை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினேன். அதுவே அதிகம்.