நீ எடுத்துவைத்த என் கடிதம்

எனக்குச் சடை பின்னிவிட்ட கோமதி அக்காவுக்கு,

நீ போய் ஐம்பது நாளாகிறது. சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலம் ரோட்டில் வேன்கள் நகர இடமில்லை. உன் மகள் வள்ளி பெங்களூரு வேலைக்குத் திரும்பிவிட்டாள். அத்தான் தனியாகச் சமைக்கப் பழகுகிறார், ரசத்தில் புளி மட்டும் ஏறிவிடுகிறது. இதையெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் உன்னிடம் வேறொன்று கேட்க வேண்டும்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் உன் பீரோவை ஒழுங்குபடுத்தினேன். பட்டுச் சேலைகளுக்கு அடியில், விரித்திருந்த செய்தித்தாளுக்கும் கீழே, ஒரு கடிதம் இருந்தது. உறையில் என் பெயர். ஆங்கில எம்.ஏ. படிக்க ஐதராபாத்தில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகை உண்டு, கடிதம் கிடைத்த மூன்று வாரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தது. இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய கடிதம்.

அந்த வருடம் தினமும் பள்ளிக்கூடத்தில் வேலை முடிந்து வந்ததும் உன்னிடம் கேட்பேனே, "தபால் வந்துச்சா?" என்று. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அத்தான் ராணுவத்தில், அசாமில். வள்ளி உன் இடுப்பில். நீ ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்தே, வரவில்லை என்றாய்.

இனி வராது என்று நான் அழுது ஓய்ந்தபோது ஐந்தருவிக்குக் கூட்டிப்போனாய். ஆடி அமாவாசைக்கு மறுநாள் அது. குளித்து வந்ததும் என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய்: "விடுட்டி. நமக்குன்னு இருந்தா வராமலா போயிரும்?"

உறையில் தென்காசித் தபால் முத்திரை இன்னும் அழியவில்லை. நாம் அருவிக்குப் போனதற்குப் பதினொரு நாள் முந்தைய தேதி. நீ என் தலையைத் துவட்டிய அன்று, நான் போய்ச் சேர இன்னும் பத்து நாள் இருந்திருக்கிறது. அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு எப்படியக்கா உன்னால் அப்படிச் சொல்ல முடிந்தது?

பீரோவில் கடிதம் கிடைத்த வாரமே வகுப்பில் ஒன்று நடந்தது. வெளிநாடு போகும் நர்சுகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேனே, அதில் பர்வீன் என்ற பெண் கேட்டாள்: "மிஸ், ஹைடுன்னாலும் மறைக்கது, ஸ்டாஷ்னாலும் மறைக்கது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ஹைடு எதற்கும் வரும் என்றேன். முகத்தை மறைக்கலாம், அழுகையை மறைக்கலாம், ஆளே ஒளிந்துகொள்ளலாம். ஸ்டாஷ் அப்படியில்லை. பொருளுக்கு மட்டும்தான். பின்னால் எடுக்க வேண்டும் என்று பத்திரமான இடத்தில் ரகசியமாக வைப்பது. பேச்சில் புழங்கும் சொல், ஆபீஸ் கடிதத்தில் எழுதாதீர்கள் என்றும் சொன்னேன்.

"அப்ப ஸ்டாஷ் பண்ணவுகளுக்கு, திருப்பிக் குடுத்திரணும்னு ஒரு நெனப்பு இருக்கும். அப்படித்தானே மிஸ்?"

நீ வைத்திருந்த கடிதம் கண்முன் வந்தது. நீ அதைக் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. போன வருடம் திறந்த ஜவுளிக்கடையின் கவரில் சுற்றி, அந்துருண்டை போட்டு வைத்திருந்தாய். அப்படியென்றால் போன வருடம்கூட அதை வெளியே எடுத்திருக்கிறாய். எடுத்து, மறுபடி உள்ளே வைத்திருக்கிறாய். அன்று சாயங்காலம் நான் வந்திருந்தேனா? எனக்குக் காபி போட்டுத் தந்தாயா?

"இல்ல பர்வீன்," என்றேன் கடைசியில். "வச்சவங்க தங்களுக்காகத் திரும்ப எடுப்பாங்க. உரியவங்களுக்குக் குடுக்கணும்னு அந்தச் சொல்லுல கிடையாது."

மறுநாள் அத்தானிடம் கடிதத்தை நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை.

"அந்தத் தபால் வந்த வாரம் நான் லீவுல வந்திருந்தேன். எங்கிட்ட காட்டுனா. செண்பகமும் போயிட்டா அப்பாவ ஒத்தையில எப்படிப் பாப்பேன்னு அழுதா. குடுத்திருன்னு சொல்லிட்டுப் போனேன். குடுத்துட்டேன்னு எழுதியிருந்தா. நீதான் போக மாட்டேன்னுட்டதா நெனச்சேன்."

பிறகு, "வள்ளிக்குத் தெரிய வேண்டாம், செண்பகம். அவ அம்மாவ சாமியா நெனச்சிட்டு இருக்கா," என்றார்.

நானும் உன்னைப் போல ஒளித்துவைக்க வேண்டுமாம். இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். வள்ளி போனில் பேசும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிச் சீக்கிரம் வைத்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது கையில் கொடுத்துவிட்டேன்.

இரண்டு முறை படித்தாள். "அம்மா மேல கோவமா சித்தி?" என்றாள்.

"ஆமா." அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அம்மாவுக்காவ நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். அது அவ கேட்டிருக்கணும்," என்றாள். பிறகு வெகுநேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எழும்போது, "திதிக்கு வருவீங்கல்லா?" என்றாள்.

கேட்டிருந்தால் இருந்திருப்பேன் அக்கா. "போகாதட்டி, எனக்கு முடியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கடிதத்தை நானே கிழித்துப் போட்டுவிட்டு அப்பாவுக்குக் கஞ்சி கரைத்திருப்பேன். என்னிடம் கேட்கக்கூட உனக்கு நம்பிக்கை இல்லையா?

திதிக்கு வருவேன். உனக்குப் பிடித்த உளுந்தஞ்சோறு என் கையால்தான் சமைப்பேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் உன் படத்தின் முன்னால் சொல்ல மாட்டேன். அது நிஜமாக வரும் நாளில் முதலில் உன்னிடம்தான் வந்து சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செண்பகம்