முருகன் படத்தடியில் இருந்த அட்டை

ஆடி வெள்ளி, வெளிநாட்டில் நாங்கள் குடியிருக்கும் ட்ருகனினா.

வீடியோ காலில் நான், இவர், ஊரில் அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வெல்டராக இருக்கும் என் தம்பி குமார், மூன்றே பேர். அவன் தன் அறையில் ஏற்றிய விளக்கைக் காட்டினான். முருகன் படத்தடியில் கதிர்வீச்சை அளக்கும் அட்டை கிடந்தது. உள்ளே போகும்போது சட்டையில் குத்தியிருக்க வேண்டிய அட்டை.

"இது ஏன்டா இங்க இருக்கு?"

"அளவு கூடுனா வேலைக்கு விடமாட்டாங்கக்கா. ஆய்வுக்கு ஆள் வர்றப்போ மாட்டிக்குவேன். மத்த நாள் முருகன் பாத்துப்பார்."

"முருகனுக்கு எவ்வளவு ஏறியிருக்கு மச்சான்?" என்று இவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையில் ஏறாவிட்டால் உடம்பில் ஏறாதா? கால் முடிந்தபின் கந்தர் சஷ்டி கவசம் சொல்லியும் மனம் அடங்கவில்லை. கவலையோடு அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: நாளைக்கு அதைக் குத்திக்கிட்டுப் போவியாடா? சீக்கிரம் பதில் சொல்லு.