நான் சரியாகக் கணித்த இரண்டு பேர்

நவம்பர் 5, செவ்வாய்

புள்ளிவிவரப் பயிற்சியாளர் வந்துவிட்டாள். பெயர் யோரின்டா, முப்பதைத் தாண்டியிருக்காது. மாணவர்களின் மதிப்பெண் விவரங்களைப் பயமில்லாமல் பயன்படுத்த ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருவாளாம். இனி செவ்வாய்தோறும் வருவாள்.

எனக்கு என்ன பயம்? இருபத்தேழு வருடமாக எங்கள் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான எட்டாம் வகுப்பு என்னுடையது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அடுத்து எந்த வகைப் பள்ளிக்குப் போகவேண்டும் என்று பரிந்துரை எழுதுவதும் நான்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அது சரி, தலைமையாசிரியர் அவளை ஏன் என் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்?

நவம்பர் 12

காபி நேரத்தில் பிஸ்கட் டப்பாவை நீட்டியபடியே கேட்டாள்: "நீங்க பரிந்துரை எழுதின பிள்ளைங்க மூணு வருஷம் கழிச்சு எங்க படிக்கிறாங்கன்னு எப்பவாவது பாத்திருக்கீங்களா, ஹில்யா?"

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

சும்மா யாரும் கேட்பதில்லை.

நவம்பர் 19

அவள் திரையில் என் பெயர். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என்னைக் கண்டதும் மடிக்கணினியை மூடினாள். என்னை வீட்டுக்கு அனுப்ப ஆதாரம் சேர்க்கிறார்கள் — வேறென்ன?

டிசம்பர் 3

உயர்நிலைப் பள்ளிகள் அனுப்பிய விவரங்களை அவளுக்கு முன்பே அலுவலகத்தில் வாங்கிக்கொண்டேன். நானே பார்த்து, அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மழை. சமையலறை மேசை முழுக்கப் பத்து வருடப் பட்டியல். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், பால்பண்ணைப் பிள்ளைகள் எல்லாம் பெரும்பாலும் நான் சொன்ன இடத்தில்தான் படிக்கிறார்கள். பெருமையாக இருந்தது.

பிறகு, ஊருக்கு வெளியே சக்கர வண்டி வீடுகளில் வாழும் கேரவன் குடியிருப்புப் பிள்ளைகளை மட்டும் தனியே எழுதினேன். ஆறு பேர். மதிப்பெண் எப்படி இருந்தாலும் ஆறு பேருக்கும் தொழிற்பள்ளியின் கடைசிப் பிரிவு. அதில் நாலு பேர் மூன்றே வருடத்தில் மேல் பிரிவுகளுக்கு ஏறிவிட்டார்கள்.

வீட்டில் சொல்லித்தர ஆளில்லை, பிள்ளை திணறும் என்றுதானே எழுதினேன்? நல்லதுக்குத்தானே? ஆறு பேருக்கும் ஒரே நல்லதா?

போகட்டும். இரண்டு பேராவது நான் சொன்ன இடத்தில் இருக்கிறார்கள்.

டிசம்பர் 10

யோரின்டாவிடம் காட்டினேன். குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். "இத தனியாவா பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குறி எதற்கு என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு.

"நீங்க பயிற்சிக்கு ஒத்துக்குவீங்களான்னு தெரியல. அதான்."

பாதி நம்பினேன்.

ஜனவரி 20

இந்த வருடப் பரிந்துரையில் ரொமானா. அதே குடியிருப்பு. கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. கை பழக்கத்தில் தொழிற்பள்ளி என்று எழுதிவிட்டது. அடித்துவிட்டு, கல்லூரிக்குப் போகும் பிரிவை எழுதினேன்.

ஜனவரி 23

பரிந்துரையைப் பார்த்துவிட்டு ரொமானாவின் அப்பா நார்டுஸ் வந்தார். பழைய இரும்பு வாங்கி விற்பவர். உட்காரவில்லை.

"என்ன டீச்சர், திடீர்ப் பாசம்? என் அண்ணன் மகனுக்குப் பத்தே நிமிஷத்துல சீட்டக் கிழிச்சவங்க நீங்க. இப்ப எம்பொண்ண வெச்சு என்ன சோதனை பண்றீங்க?"

பெயர்களை மறைத்து, அந்த ஆறு வரிகளை அவர் முன்னால் வைத்தேன். "இதுல நாலு பேர் விஷயத்துல நான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த நாலு வரிகளை அவர் பார்க்கவேயில்லை. வருடத்தைப் பார்த்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"இது எங்க அண்ணன் மகன் ரூபென். இவன் விஷயத்துல மட்டும் நீங்க சரியா?"

"அவன் அதே பிரிவுலதானே இருக்கான்..."

"முடியாம இல்ல டீச்சர். 'நான் மக்குன்னு டீச்சரே சொல்லிட்டாங்க'ன்னு சொல்லி அன்னிக்கு மூடின புத்தகம். இன்னும் தொறக்கல."

மகளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

ஜனவரி 24

பட்டியலை மறுபடி எடுத்து, ரூபெனின் வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிப்ரவரி 4

காலையில் ரொமானா ஓடி வந்தாள். "அப்பா சரின்னுட்டாரு டீச்சர். ஆனா உங்கள நம்பி இல்லையாம். என்னை நம்பியாம்."

மதியம் ஆசிரியர் கூட்டம். யார் முதலில் தங்கள் பட்டியலைக் காட்டுகிறீர்கள் என்று யோரின்டா கேட்டாள். ஆளாளுக்குக் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் எழுந்தேன். ஆறில் ஐந்து தவறு என்றேன்.

"விவரப்படி நாலுதானே, ஹில்யா?"

"ரூபென் ஏன் புத்தகத்த மூடினான்னு அந்த விவரத்துல இல்லையே" என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

மீதி ஒருத்தி, மார்லெனா. நான் சரியாகக் கணித்த கடைசிப் பிள்ளை. ஐந்து மணிக்கு அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவளே எடுத்தாள். யாரென்று கேட்டாள். பெயரைச் சொன்னேன்.

"உனக்கு நான் எழுதினது சரிதானான்னு உங்கிட்டயே கேக்கணும்" என்றேன்.