ஃபைன் என்று மட்டும் பதில் போடாதே

மேட்டகள்ளி, மைசூரு
ஞாயிறு காலை

அன்பு மகள் பூங்குழலிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே எனக்கு இப்போது எரிச்சலாக வருகிறது. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும், இங்கிலீஷில் நாலே எழுத்து. அதனால் கேட்காமலேயே மேலே போகிறேன். ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதி, லீவு முடிந்து திரும்புகிற ஸ்ரீதேவி கையில் கொடுத்தனுப்புகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் எழுதினால் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய். கன்னடத்தில் எழுதினால் மளமளவென்று படித்துவிட்டு வைத்துவிடுவாய். தமிழ் என்றால் நீ எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லிலும் கொஞ்சம் நிற்க வேண்டும். நில்லு, அதற்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது என்று கேட்காதே, அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

முதலில் உன் அம்மாவின் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். தசரா யானைகளுக்கு ஒத்திகை நடந்த வாரம், உன் உமேஷ் மாமா அரை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சர்க்கிளில் போலீஸிடம் மாட்டிக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு வந்தான். தம்பியைத் திட்டித் தீர்த்துவிட்டு உன் அம்மா மல்லம்மா அப்போதுதான் அடுப்பங்கரைக்குப் போயிருந்தாள். எப்படி இருக்கிறாய் என்று நான் உனக்குப் போட்ட மெசேஜுக்குப் பதில் வந்தது. குழலி ஃபைனாம் என்று இங்கிருந்தே கத்தினேன். கரண்டியோடு ஓடி வந்தாள். ஐயையோ அவளுக்குமா, எதுக்குப் போட்டாங்க, எவ்வளவு போட்டாங்க, அந்தப் புள்ள வண்டியே ஓட்டாதே என்று ஒரே கூச்சல். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடி கிறுக்கி, நல்லா இருக்கேன்னு அர்த்தம் என்று விளக்கினேன். அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. நல்லா இருக்கற புள்ள நல்லா இருக்கேன்னு சொல்லாம எதுக்கு அபராதத்துப் பேரைச் சொல்லோணும் என்று முனகிக்கொண்டே போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அன்றைக்கு நினைத்தேன். ஒன்றும் தெரியாதவன் நான்தான்.

இந்தச் சொல் எனக்கும் புதிது இல்லை கண்ணு. முப்பத்தைந்து வருஷமாகப் பூச்சு வேலை செய்கிறவன். கடைசிப் பூச்சுக்குச் சலித்து எடுக்கிற பொடி மணல் ஃபைன் மணல். சுவரைத் தேய்த்து வழவழவென்று ஆக்கினால் அது ஃபைன் ஃபினிஷிங். இஞ்சினியர் வந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஃபைன் ஃபைன் என்பான், சுவரை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டான், அங்கே அதற்கு அர்த்தம் ஆளை விடு. போன வாரம் பக்கத்து வீட்டு அஷ்வினி, பி.யு.சி. படிக்கிறாளே, அவளை உட்காரவைத்து ஃபோனில் அகராதி பார்க்கச் சொன்னேன். நல்லது, மெல்லியது, பொடியானது, நுணுக்கமானது, மழை இல்லாத நாள், அபராதம் என்று அவள் படித்துக்கொண்டே போனாள், போதும் தாயி என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் சிரித்துவிட்டு, அங்கிள் இதுல இல்லாத ஒண்ணு இருக்கு, நாங்க கோவமா இருந்தாலும் ஃபைன்தான் சொல்வோம், அழுதுட்டு இருந்தாலும் ஃபைன்தான், இதுக்கு மேல கேக்காதேன்னு அர்த்தம் என்றாள். விரிசல் விட்ட சுவரின் மேல் ஃபைன் மணலை இழுத்துப் பூசினால் ஆறு மாசத்துக்கு எந்த ஓனருக்கும் தெரியாது, அந்த வேலையை நானே இரண்டு மூன்று இடத்தில் செய்திருக்கிறேன். என் மகளே எனக்கு அதைச் செய்வாள் என்று நினைக்கவில்லை.

ஆமாம், எனக்குத் தெரிந்துவிட்டது. லீவுக்கு வந்த ஸ்ரீதேவி தீபாவளிக்கு மறுநாள் மண்டியாவில் தன் வீட்டிலிருந்து இங்கே வந்து நீ கொடுத்தனுப்பிய சால்வையைக் கொடுத்தாள். ஒரே அறையில் உன்னோடு இருக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா. டெங்கு வந்து நீ ஒன்பது நாள் நொய்டாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய், ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிப்போய் இரண்டு நாள் டாக்டரே பயந்துவிட்டார், கழிப்பறைக்கு இவள்தான் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போனாள், எழுந்து நடக்கத் தெம்பு வருமுன்னே நீ ஆபீஸுக்கு ஓடினாய், இன்னும் மாடிப்படி ஏறினால் தலை சுற்றுகிறது, எல்லாம் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. அந்தப் பெண் மட்டும் இல்லாவிட்டால் உன் கதி என்ன என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா சால்வையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள், அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஸ்ரீதேவி போன பிறகு ஃபோனை எடுத்து அந்த ஒன்பது நாளையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எப்படி இருக்கே சாமி என்று கேட்டிருக்கிறேன், ஃபைன். ஊட்டா ஆய்த்தா என்று கேட்டிருக்கிறேன், அதற்கும் ஃபைன். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஃபைன் என்று யாராவது சொல்வார்களா, அப்போதாவது என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டாமா. மாமா மாட்டிக்கொண்ட அன்றைக்கு வந்த ஃபைனும் அதற்குள்தான் இருக்கிறது. உன் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை என்று நாலு நிமிஷம் வாய்ஸ் மெசேஜில் உன்னிடம் புலம்பியிருக்கிறேன். அதற்குச் சிரிக்கிற பொம்மை வேறு அனுப்பியிருக்கிறாய். உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! அப்பா அம்மா பயந்துபோவார்கள் என்று சொன்னாயாம். பயப்படத்தானே எங்களைப் பெற்றவர்கள் என்று வைத்திருக்கிறது, வேறு எதற்கு? நல்லா இருக்கேன் என்று நீ வாயால் சொல்லியிருந்தால் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பேன். பரவாயில்லை என்றால் என்னமோ வந்து இப்போது தேவலை போல என்று புரிந்திருக்கும். ஏதோ இருக்கேன்பா என்றால் அந்த நிமிஷமே என்னம்மா ஆச்சு என்று கேட்டிருப்பேன். கன்னடத்தில் பரவாகில்லா என்று இழுத்திருந்தால்கூடப் பிடித்திருப்பேன். இந்த ஃபைனில் பிடிக்க ஒன்றுமே இல்லையே, கதவைச் சாத்தித் தாழ் போட்ட மாதிரி இருக்கிறது.

இப்போது கோணல் எழுத்துக்கு வருகிறேன். இதை எழுதாமலேயே இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு விடமாட்டேன் என்கிறாள். அதே ஒத்திகை வாரத்தில், போகாதி பக்கம் ஒரு வீட்டில் பூசிக்கொண்டிருந்தபோது சாரத்துப் பலகை வழுக்கிக் கீழே விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் சுவருக்குப் பிளாஸ்டர் போட்டவனுக்கு ஆஸ்பத்திரியில் கையில் பிளாஸ்டர் போட்டார்கள், ஆறு வாரம். போன வியாழக்கிழமைதான் பிரித்தார்கள். விரல் இன்னும் சொன்னபடி மடங்கவில்லை, இந்த ஒரு கடிதத்தை எழுத மூன்று நாள் ஆகிறது. நெட் சரியில்லை, வீடியோ கால் வேண்டாம் என்று உன்னிடம் சொன்னேனே, பொய். உனக்கும் கேமரா கெட்டுப்போயிருந்தது, இல்லையா? ஸ்ரீதேவி வந்தபோது என் கையைப் பார்த்து என்ன அங்கிள் இது என்று பதறினாள். குழலிக்குச் சொல்லிடாதேம்மா, தனியா இருக்கற புள்ள பயந்துக்கும் என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் இதையேதான் சொன்னா அங்கிள் என்றாள். அப்படித்தான் எல்லாம் வெளியே வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் படுத்திருந்த அன்றைக்கு, எப்படிப்பா இருக்கீங்க என்று நீ கேட்டிருந்தாய். இடது கையால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன், ஃபைன். அந்தக் கைக்கு அதுதான் வசதியாக இருந்தது. நீ அங்கே ஒரு கட்டிலில், நான் இங்கே ஒரு கட்டிலில், ஒருத்தருக்கொருத்தர் ஃபைன் ஃபைன் என்று அனுப்பிக்கொண்டு கிடந்திருக்கிறோம் கண்ணு. உன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீ கேட்கலாம், கேள். ஆனாலும் கோபம் இன்னும் தீரவில்லை, என்மேலும் சேர்த்துத்தான். உன் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நாந்தான் அன்னைக்கே சொன்னனே, அது அபராதம்தான், பொய் சொன்னதுக்கு ரெண்டு பேரும் கட்டிட்டீங்க, இன்னொரு வாட்டி கட்ட எங்கிட்டத் தெம்பு இல்லை என்கிறாள். கோபமாகச் சொல்லத் தொடங்கி அழுது முடித்தாள்.

ஸ்ரீதேவியிடம் ராகி மாவும் கொள்ளும் தனித்தனி டப்பாவில் கொடுத்திருக்கிறோம். அறையில் கொசுவலை கட்டிக்கொள், மாலையில் ஜன்னலைச் சாத்து. இந்த வாரமே ரத்தம் பரிசோதித்து அந்தத் தாளை அப்படியே ஃபோட்டோ எடுத்து அனுப்பு, வாய் வார்த்தையை இனி நம்புவதாக இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மையான பதில் வராவிட்டால் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். இந்தி தெரியாத இரண்டு பேர் நொய்டாவில் வழி கேட்டுக்கொண்டு திரிவதைப் பார்க்க ஆசையாக இருந்தால் ஃபைன் என்று பதில் போடு. மாதேஸ்வரசாமி உன் கூடவே இருக்கட்டும், உன் ரத்தம் ஊறட்டும், முகம் தெளியட்டும், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம். நீளமாக எழுத வேண்டாம், எங்கே வலிக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். பெரியவன் நான், முதலில் நான் எழுதிவிடுகிறேன். மணிக்கட்டில் வலிக்கிறது சாமி, காலையில் எழுந்ததும் ரொம்ப வலிக்கிறது.

உன் அப்பா,
சேகரன்